ஸ்கைலாப் வேசம்

ஆமா சார், இந்த ஊருல தகரத்துல ஈயம் ஊத்தி ஒட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். மாயக்காள்ண்டு பேரு. யாரு கை காட்டுனது, டீக்கடை மொக்கையனா? அவன் காட்டுவான். அவன் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்ல.

உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க, நெலை இடிச்சுரும். அந்த அட்டை மேல ஒக்காந்துராதீக, அது கருட வேசத்துக்கு ரெக்கை. இங்கிட்டு, இந்தப் பெட்டி மேல ஒக்காருங்க. அந்தச் சாமான மடியில வைக்காதீக, வெள்ளைச் சட்டையில மஞ்சள் ஒட்டிக்கிரும். நாலு நாளா அதுக்கு மஞ்சளும் குங்குமமுமா அப்பி வெச்சிருக்காக.

நீங்க என்ன கேக்க வந்தீகண்டு எனக்குத் தெரியும். கோயில் வாசல்ல அம்புட்டுச் சனம் நிக்கையில, சர்க்கார் ஜீப்புலருந்து எறங்கி நீங்க அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒரே எடத்த மட்டும் வெரலால தடவுனீகள்ல, அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். அம்புட்டு ஒசரத்துலருந்து தீயா எரிஞ்சு வந்த ஸ்கைலாப் துண்டுல ஈயம் எப்படி உருகாம நிக்கிதுண்டுதான? கேட்டீகளே ஒரு கேள்வி! இந்த ஊருல ஒரு பயலுக்கும் அது தோணல சார். தேங்காய ஒடைச்சோமா, சூடத்தக் காட்டுனோமாண்டு இருந்துட்டாக.

கொஞ்சம் பைய பேசுங்க. சன்னலுக்கு அங்கிட்டு ஆள் நிக்கிது.

நான் செஞ்சதுதான். ஒளிச்சு என்ன செய்ய. மூணு டால்டா டப்பாவ வெட்டி, டப்பா மேல போட்டிருக்க மரப் படம் உள்பக்கம் போற மாதிரி திருப்பி வளைச்சு ஒட்டுனது. குறுக்கால நிக்கிறது சைக்கிள் கம்பி. அந்த ரெண்டு வளையமா? அது தோள்ல வார் மாட்டுறதுக்கு. மனுசன் போட்டுக்கிட்டு நடக்கணும்ல.

சொல்றேன், இருங்க. எங்க வீட்டுக்காரர் சோணை, மதுரையில நாடகக்காரகளுக்குக் கிரீடம், கதாயுதமெல்லாம் செய்யிற பட்டறையில இருந்தவுக. அவுகட்ட படிச்சதுதான் இந்தத் தொழிலு. அவுக போயி ஒம்பது வருசமாச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல சாமிக்கு வேசம் போடுறதா நேந்துக்கிறாகள்ல, கரடி, கொறவன், ராசா, எல்லாம் எங்கிட்டதான் வருவாக. சோழவந்தான்லருந்தே வருவாக. ஒருத்தன் சந்திரனுக்குப் போன ஆளு வேசம் வேணும்ண்டான். பானை மேல காயிதக்கூழ அப்பி, காஞ்சதும் பானைய ஒடைச்சு எடுத்தா தலைக்கூடு தயாரு. மூஞ்சிக்கு முன்னாடி கண்ணாடிக்கு எங்க போறது? ஆசுபத்திரியில குடுத்த எக்ஸ்ரே படம் ஒண்ணு கெடந்துச்சு, அத வெட்டி வெச்சேன். எவனோட நெஞ்செலும்போ அவன் மூக்குக்கு நேரா நிக்கிது. புள்ளைக பயந்து அலறுச்சுக. சிரிக்காதீக சார், வெளிய கேட்டுரும்.

இந்த மொக்கையன் இருக்கான்ல, போன மாசம் முச்சூடும் ரேடியோவக் காதுல வெச்சுக்கிட்டே திரிஞ்சான். அமெரிக்காக்காரன் மேல விட்ட ஸ்கைலாப் வருது, மானத்துலருந்து வருது, எங்க விழுகும்ண்டு அமெரிக்காக்காரனுக்கே தெரியலயாம்ண்டு. ஊருல கோழி ஒண்ணு மிச்சமில்ல. சாகப் போறோம், தின்னுட்டுச் சாவோம்ண்டு அடிச்சுத் தின்னாக. இவன் நேரா காளியாத்தா கோயிலுக்குப் போயி, ஆத்தா, ஏங் கடை மேல விழுகாமக் காப்பாத்து, அந்த ஸ்கைலாப் வேசத்தையே கட்டிக்கிட்டு ஒன்னைய மூணு சுத்துச் சுத்தி வாரேன்ண்டு நேந்துக்கிட்டான். அது விழுகுறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து செய்யச் சொல்லிட்டான். விழுகாதுண்டு அம்புட்டு நம்பிக்கையாடாண்டு கேட்டேன். விழுந்துட்டா கூலி குடுக்க வேணாம்லக்காங்கிறான்.

எனக்கும் ஆசைதான் சார், பொய் சொல்லல. கடலை மடிச்சு வந்த பேப்பர்ல படம் போட்டிருந்துச்சு. அதப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். மேல காத்தாடி கணக்கா நாலு ரெக்கை, அட்டையில வெட்டி சிகரெட்டுத் தாள ஒட்டுனேன். கீழ ஒரு பக்கம் மட்டும் பெரிய ரெக்கை, மறுபக்கம் மொட்டை. அச்சுல விட்டுப் போச்சு போலண்டு நானே இன்னொண்ணு வெட்டி வெச்சிருக்கேன், ரெக்கை ஒண்ணையும் இன்னும் மாட்டல. என்ன சொல்றீக? நெசமாவே ஒத்த ரெக்கைதானா? போகையிலயே பிஞ்சு போச்சா? ஆத்தாடி! அப்ப அந்தப் படக்காரன் சரியாத்தான் போட்டிருக்கான்.

சரி சரி, விசயத்துக்கு வாரேன்.

புதன்கெழம வெளக்கு வைக்கிற நேரம். ஏங் கொல்லையத் தாண்டுனா எங்க மருமகன் காசிமாயன் களம். எம் மக செல்லத்தாயக் குடுத்த எடம். அந்தக் களத்துல வைக்கப்படப்பு தீப்பிடிச்சுக்கிருச்சு. ஒரு வருசத்து மாட்டுத் தீனி சார். அந்தக் காத்துல எத்தன கொடம் தண்ணி ஊத்துனாலும் நிக்குமா? கண்ணுக்கு முன்னாடி சாம்பலாப் போச்சு.

அதுக்கு எட்டு நாளைக்கு முந்தி, அறுப்புக்கூலி நெல்ல அளக்கையில மருமகனுக்கும் காலனிச் சின்னானுக்கும் வாய்த் தகராறு. சின்னான் கோவக்காரன். ஒன் படப்பு எம்புட்டு நாளைக்கு நிக்கிதுண்டு பாப்போம்யாண்டு சொல்லிட்டுப் போயிட்டான். ஊரே கேட்டுச்சு. படப்பு எரிஞ்சா யாரத் தேடுவாக? அவன் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தவன், கையக் கூடக் கழுவ விடல. இழுத்துட்டு வந்து களத்து வேம்புல கட்டிட்டாக. இன்னொரு கூட்டம் காலனிப் பக்கம் தீப்பந்தத்தோட கெளம்பிருச்சு. பதினேழு கூரை இருக்கு சார் அங்க. பூராம் ஓலை. புள்ளைக, கெழடுகட்டைக, எல்லாம் வீட்டுக்குள்ள.

நான் ஓடிப்போயி இந்தச் சாமானத் தூக்கி முந்தியில மறைச்சு எடுத்தாந்து, சாம்பல் ஓரமாச் சொருகிட்டுக் கத்துனேன். ஏய், மானத்துலருந்து விழுந்துருக்குடா, ஸ்கைலாப்புடா, வந்து பாருங்கடாண்டு. ஆமா, கையி அப்ப வெந்ததுதான். ஆறிரும்.

தீயி தணிஞ்சு போன ஓரத்துல வெச்சேனா, அதான் ஈயம் உருகல. நடுவுல எறிஞ்சிருந்தா நீங்க கேள்வி கேட்டிருக்க மாட்டீக. பதட்டத்துல தொழிலு மறந்து போச்சு.

அம்புட்டுத்தான் சார். கம்ப ஓங்குனவனெல்லாம் கம்பக் கீழ போட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிடுறான். பந்தம் புடிச்சுப் போனவுகளும் திரும்பிட்டாக, சின்னானயும் அவுத்து விட்டுட்டாக. மொதத் தேங்கா மொக்கையன் ஒடைச்சது. தான் போடப் போற வேசத்துக்குத் தானே சூடம் காட்டுறான், அவனுக்கே தெரியல! வேசம் முடியுறதுக்கு முன்னாடி நான் யாருக்கும் காட்டுறதில்ல பாருங்க. நேத்தும் வந்து, அக்கா, எஞ் சாமான் எம்புட்டுல நிக்கிதுங்கிறான். நடக்குதுடா போடாண்டேன்.

அதுவும் கேப்பீகண்டு தெரியும். ஸ்கைலாப் அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல, கடலுக்கு அங்கிட்டு விழுந்துச்சுண்டு ரேடியோவுல சொன்னான்தான். இங்க வெளக்கு வைக்கையில எப்படி விழுகும்? கேட்டாகளே. நாந்தான் சொன்னேன், கல்யாணத்துக்குச் சமையக்காரன் முன்னாடி வாரதில்லையா, அது மாதிரி ஒரு துண்டு முன்னாடி வந்துருச்சுண்டு. ஒத்துக்கிட்டாக. ஆனா மருமகன் ஒத்துக்கல. அவரு சந்தேகக்காரரு. அவருதான் ஒங்க ஆபீசுக்கு ஆளனுப்புனது. சர்க்கார் ஆளு வந்து பாக்கட்டும், இது மானத்துச் சாமான் இல்லேண்டு அந்த ஆளு வாயில வந்துச்சுண்டா, அன்னைக்கு ராத்திரி காலனியில ஒரு கூரை இருக்காதுண்டு சொல்லி வெச்சிருக்காரு. வெளிய பாத்தீகள்ல, அவரும் அவரு பங்காளிகளும் நிக்கிறாக. கையில ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாம நிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு.

அந்தக் கடைசியில, தலையில துண்டில்லாம, ஒங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னானே ஒருத்தன், அவந்தான் சின்னான். வேட்டிய மடிச்சுக் கட்டாம, கையக் கட்டிக்கிட்டு நிப்பான்.

பொய் ரிப்போட்டு எழுதச் சொல்லல தம்பி. ஆபீசுல போயி என்ன எழுதணுமோ எழுதிக்கங்க, தகரம்ண்டு எழுதுங்க, கிறுக்கச்சி செஞ்சதுண்டு எழுதுங்க. இங்க மட்டும், மதுரைக்குக் கொண்டு போயிப் பாத்துத்தான் சொல்லணும்ண்டு ஒரு வார்த்தை. ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருங்க. ஆடி பொறந்துட்டா நாத்து, நடவுண்டு அவனவன் வேலையப் பாப்பான். கோவம் அடங்கிரும்.

யாருதான் தீ வெச்சதா?

அது யாரா இருந்தா என்ன தம்பி இப்ப. போனது வைக்கோலு.

போலீசுக்குச் சொல்லலாம்ங்கிறீக. வாடிப்பட்டியிலருந்து ரெண்டு பேரு வந்து நிப்பாக, ஒரு டீ குடிப்பாக, போயிருவாக. அதுக்கப்பறம்?

இல்ல, சின்னான் வெக்கல. அதெப்படி அம்புட்டு உறுதியாச் சொல்றேண்டா... தெரியும். தெரியும்ண்டா விடுங்களேன்.

என்ன தேடுறீக? ஈயக்கோலு அந்தா மொளையில தொங்குது. ஈயம் புடிக்கத் தடவுற நவச்சாரம் அந்தக் கொட்டாங்குச்சியில இருக்கு. கரிச்சட்டியா?

கங்கு போடுற கரிச்சட்டி இல்லாம ஈயக்கோல எதுல காய வைப்பேன், அதான?

நல்லா வேலை பாக்குறீக தம்பி. பெத்தவ குடுத்து வெச்சவ.

அந்தச் சட்டி படப்புச் சாம்பலுக்குள்ள கெடக்கு. மானத்துச் சாமான் விழுந்த எடம், வெசம், ஒருத்தரும் கிண்டக் கூடாதுண்டு நாந்தான் சொல்லி வெச்சிருக்கேன். நவச்சாரப் பொகை வீட்டுக்குள்ள அடைக்குதுண்டு அன்னைக்குக் கொல்லை வேலி ஓரமா வெச்சு ஒட்டிக்கிட்டு இருந்தேன். காத்து ஒரு வீச்சு வீசுச்சு. முட்டுக் குடுத்த கல்லு வெலகி, சட்டி களத்துப் பக்கம் உருண்டுருச்சு. கங்கு பூராம் படப்பு அடியில. ரெண்டு கையாலயும் அள்ளுனேன். கையி அப்பத்தான் வெந்துச்சு, நான் முன்னாடி சொன்னது பொய்யி.

ஓடிப்போயி எடுத்தாந்தேண்டு சொன்னேன்ல, அதுவும் பொய்யி. நான் ஓடல. நின்னேன். அவன இழுத்தாந்தப்ப நின்னேன், கட்டுனப்ப நின்னேன். எம் மகள ஏற்கனவே ஒருதரம், கொழம்புல உப்புக் கூடிப் போச்சுண்டு, ஆறு மாசம் எங்கிட்ட அனுப்பி வெச்சவரு மருமகன். படப்ப எரிச்சவ மகள்ண்டா வெச்சுக்கிருவாரா? அத நெனச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு நின்னேன். செல்லத்தாய் எங் கையவே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரியும். அவளும் பேசல. முதுகுல மொத அடி விழுந்துச்சு. நின்னேன். ரெண்டாவது விழுந்துச்சு. சின்னான், நான் இல்ல சாமிண்டு கூடச் சொல்லல, ஏம் புள்ளைக ஊட்டுக்குள்ள இருக்குண்டு மட்டும் சொன்னான். அதுக்கப்பறந்தான் எனக்குக் காலு வந்துச்சு. அப்பவும் உண்மை வரல பாருங்க, ஸ்கைலாப்புதான் வந்துச்சு.

எந்திரிச்சுட்டீகளா. சட்டையத் தட்டி விட்டுக்கங்க, ஈயப்பொடி ஒட்டிருக்கு.

நீங்க என்ன சொல்லப் போறீகண்டு நான் கேக்கல. சொல்லவும் வேணாம். தகரம்ண்டு சொன்னா, சட்டி கெடக்குற எடத்த நானே சாம்பலக் கிண்டிக் காட்டிருவேன். மக வீடு திரும்பி வந்தா வரட்டும், அவளுக்கும் இந்தத் தொழிலு தெரியும்.

ஒரே ஒரு ஒத்தாசை செய்யுங்க. வெளிய போனதும் ஒடனே பேசிராதீக. சனத்துக்கு ஊடால நான் பைய நடந்து, சின்னான் பக்கத்துல போயி நின்னுக்கிறேன். அதுக்கப்பறம் ஒங்க வாயத் தெறங்க.