சாட்சிக் கையெழுத்து

இல்லம்மா, சர்க்கரை வேணாம். பால் கொஞ்சமா ஊத்துங்க, போதும். ஆபீசுக்கு நேரமாகுதுதான். ஆகட்டும், உங்க கடையிலயே கொஞ்சம் உக்காந்துக்கறேன். அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வெச்சாலே எனக்குக் குமட்டுது.

வக்கீல் ஆபீசுதான். ஆனா நான் இன்னும் வக்கீல் ஆகல, பயிற்சில இருக்கேன். ரெண்டு வருஷம். ஆறு மாசத்துக்கு ஒரு சீனியர்கிட்ட நம்மள வேலைக்கு விடுவாங்க. இப்போ கடை, கட்டடமெல்லாம் குத்தகைக்கு விடற பிரிவு. பெரிய பெரிய கம்பெனிங்களுக்கு மட்டும்தான் வேல பாப்பாங்க. இந்த லீட்ஸ் ஊர்ல தங்கள விட்டா ஆளில்லன்னு அவங்களே சொல்லிக்குவாங்க.

கோர்ட்டா? நீங்க வேற. கோர்ட் வாசலக்கூட நான் மிதிச்சதில்ல. எனக்கு என்ன வேலன்னா பக்கத்துக்கு நம்பர் போடறது. ஒரு தடவ மூவாயிரம் பக்கம், ஒம்பது நாள் உக்காந்து போட்டேன். முடிச்சு கொண்டு போனா, பன்னெண்டாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு தாள் விட்டுப் போச்சே, சேத்துடுன்னு சீனியர் நீட்டறார். மறுபடி மொதல்லேருந்து.

அவரா, த்ரெல்ஃபால்னு பேரு. எங்க பிரிவுக்கு அவர்தான் எல்லாம். மேசைலயே பொட்டலத்தப் பிரிச்சு புகைபோட்ட மீன கையாலயே பிச்சுப் பிச்சு சாப்பிடுவார். அந்த விரல ஃபைல் அட்டைலயே தொடச்சிட்டு எங்கிட்ட நீட்டுவார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கணும். எம்பேர் கூடத் தெரியாது. போன வருஷம் இருந்தவ பிலிப்பா, அதனால நானும் பிலிப்பா. மொத வாரம் திருத்திப் பாத்தேன், அப்புறம் விட்டுட்டேன்.

ஏன் பொறுத்துக்கிட்டேனா? பயிற்சில நாங்க ஆறு பேரு, நிரந்தர வேல நாலு பேருக்குத்தான். அதனால அவர் ஜோக் சொன்னா எல்லாரும் கொஞ்சம் கூடவே சிரிப்போம். ஒரு ஞாயித்துக்கெழம எங்கம்மா என்னவோ சொன்னாங்க, எனக்கு அதே சிரிப்பு வந்துடுச்சு. அம்மா கையில இருந்த பாத்திரத்தக் கீழ வெச்சிட்டு என்னையே பாத்துட்டு நின்னாங்க. ஏன்டி இப்படிச் சிரிக்கறேன்னாங்க.

இதெல்லாம் எல்லா ஆபீஸ்லயும் இருக்கறதுதான், சரி. குமட்டறது இதுக்கில்ல.

அக்டோபர்ல ஒரு வியாழக்கெழம. மத்தியானம். நாலு பக்கப் பத்திரம் ஒண்ணு கொண்டு வந்து என் மேசைல போட்டார். ஒருத்தர் தன் குத்தகைய விட்டுக் குடுக்கறதா எழுதின பத்திரம். கடைசிப் பக்கத்துல கையெழுத்து ஏற்கெனவே இருந்துச்சு, நீல மையில. சாட்சின்னு கீழ ஒரு இடம் இருக்கே, அதுல போடும்மா பிலிப்பாங்கறார். கையெழுத்துப் போடறத கண்ணால பாத்தவங்கதான் சாட்சியாப் போடணும். அது காலேஜ்ல மொத மாசமே சொல்லிக் குடுக்கறது. கையெழுத்துப் போட்டவர் எங்க சார்னு கேட்டேன். இப்பத்தான் லிஃப்ட்ல எறங்கிப் போனார், வேணும்னா படியில ஓடிப் போய்ப் பாருன்னார். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க.

நானுந்தான் சிரிச்சேன். சிரிச்சிட்டே போட்டேன். பேரு, விலாசம், தொழில். தொழில்ங்கற இடத்துல பயிற்சி வக்கீல்னு பெருமையா எழுதினேன்மா.

போன வாரம் அந்த ஃபைல மூடி வெக்கச் சொன்னாங்க. அதுல இருந்த மெயில் எல்லாம் படிச்சேன். படிக்காம மூடியிருக்கலாம். அந்தக் குத்தகைக்காரர் கையெழுத்தே போடல. எங்க ஆபீஸ் பக்கமே வரல. நேரா த்ரெல்ஃபால் ரூமுக்குப் போய் கேட்டேன். மனுஷன் அலட்டிக்கவே இல்ல. பாத்தேன்னு எழுதிக் குடுத்தது நீதானே, யாராவது கேட்டா உன்னத்தான் கேப்பாங்கன்னார். அப்பதான் மொத மொத எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டார். ஹெஸ்டர், கதவச் சாத்திட்டுப் போன்னார்.

மறுநாளே வேல நிரந்தரம்னு லெட்டர் வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, கேக் வெட்டினாங்க. வாயில போட்டத முழுங்க முடியல. பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன். அவர நெனச்சு இல்லம்மா, என்னை நெனச்சுத்தான்.

வெச்சிடுங்கம்மா, அந்தக் கெட்டில் கனமா இருக்கும். எல்லாத்தையும் பொட்டியில போட்டுட்டீங்களா. மாசக் கடைசியோட கடைய காலி பண்ணணுமா... ம். உங்க கணவரே உங்களுக்குத் தெரியாம குத்தகைய எழுதிக் குடுத்துட்டார்னு சொல்றாங்களா. அவரக் கேக்கலையா நீங்க? வாதம் வந்ததுலேருந்து அவருக்குப் பேச்சு இன்னும் வரலியா. அப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கறதாவது... எத்தன நாளாப் போகல?

ஒம்பது நாளா.

ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. முப்பத்தொரு வருஷம் கூட நின்னவள ஒரு வார்த்த கேக்கலியேன்னு உங்களுக்கு இருக்கும். புரியுது. ஆனா அவர் எழுதிக் குடுக்கல. நார்மன் ஹெப்வொர்த்துதானே அவர் பேரு? இந்தக் கடைக் கட்டடத்துச் சொந்தக்காரங்களோட ஏஜென்ட் மெயில்ல எழுதியிருந்தான். கெழவன் ஆஸ்பத்திரில வலது கை விழுந்து கெடக்கறான், கையெழுத்த நானே போட்டுட்டேன், சாட்சிய மட்டும் நீங்க பாத்துக்கங்கன்னு. அதுக்கு த்ரெல்ஃபால் ஒரே வார்த்ததான் பதில் போட்டிருந்தார். ஆகட்டும்னு.

அந்த சாட்சி நாந்தாம்மா. ஃபைல்ல இருந்த விலாசத்தப் பாத்துட்டு மூணு நாளா இங்க வந்து டீ குடிக்கறேன், சொல்ல வாய் வரல.

எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன், இந்தாங்க. வேற வக்கீல் யாராவது நல்லவங்களாப் பாத்துக் குடுங்க. இதே மாதிரி ஒண்ண, வக்கீலுங்க மேல புகார் வாங்கற எடத்துக்குக் காலைலயே அனுப்பிட்டேன்.

அப்புறமா திட்டுங்கம்மா, எங்கயும் போகமாட்டேன். மொதல்ல கோட்ட மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கடைய நான் பாத்துக்கறேன், இனிமே எனக்கு வேற வேல இல்ல.