ஒரு மீற்றர் உயரத்தில்

ஹேவாஹெட்டப் பக்கம் பின்னேர மழை தப்பாது, சேர். அதனால் காலையிலேயே அன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றிவிடுவோம். தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு வெட்டவெளி, அதுதான் எங்கள் பரிசோதனைக் களம். மின்சாதனமொன்று தன்னைச் சுற்றி எவ்வளவு வானலை இரைச்சலைக் கக்குகிறது என்று அளப்பது என் தொழில். சாதனம் பத்து மீற்றர் தள்ளி மேசையில் இருக்கும். அன்டெனா ஒரு மீற்றரிலிருந்து நாலு மீற்றர் வரை மெல்ல ஏறும். ஏன் ஏற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நேரே வரும் அலையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் சில உயரங்களில் ஒன்றையொன்று அமுக்கிவிடும். அங்கேயே நிறுத்தி அளந்தால் அடங்காத சாதனமும் சாதுவாகத் தெரியும்.

என் தம்பி ஆகிப், பவாஸ் நானாவின் விளக்குப் பட்டறையில் வேலை செய்தவன். சாமான் களவு போகுமென்று ஸ்டோர் கதவை வெளியே பூட்டிவைப்பது நானாவின் வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டோர் தீப்பற்றியபோது தம்பி உள்ளே இருந்தான். கதவைத் தட்டித் தட்டி அவனுடைய விரல் முட்டிகள் கிழிந்திருந்ததை நான் பார்த்தேன். அவன் மையித்தை அடக்க எடுக்குமுன், ஜனாஸா வீட்டில் நானா எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்போமே, தங்கச்சி."

அந்தப் பேச்சை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அந்த வீட்டிலிருந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர் அவருடைய உம்மா மட்டும்தான்; சித்தி றலியா என்பது அவர் பெயர். அவரை எனக்கு நிறையப் பிடிக்கும்.

போன மார்ச்சில் நானா ஒரு கட்டிலோர விளக்கைக் கொண்டுவந்தார். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நாற்பது விளக்குகள் கேட்டிருந்தது. நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"சுணங்காமப் பாத்துத் தாங்க, தங்கச்சி. உம்மா நெஞ்சு வருத்தத்தோட அங்கதான் ஈக்கிறாங்க. மொத விளக்கு அவங்கட கட்டிலுக்குத்தான்."

வெளிச்சத்தைக் குறைத்தால் அந்த விளக்கு காதுக்குக் கேட்காத வானலையில் கத்தியது. அன்டெனா இரண்டரை மீற்றரைத் தொட்டபோது அளவு எல்லையைத் தாண்டியது. கத்திய அலைவரிசை எனக்குப் பழக்கமானது. நோயாளிகள் தாதியை அழைக்க அந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் கம்பியில்லா மணியை முந்தின வருடம் நான்தான் சோதித்தேன். மங்கலாக எரியும் விளக்கின் பக்கத்தில் அந்த மணியின் அழைப்பு எங்கும் போய்ச் சேராது. சின்னதொரு பாகத்தை மாற்றினால் சரியாகியிருக்கும்.

கணினியில் ஏறவேண்டிய உயரம் நாலு என்று இருந்தது. அதை அழித்து ஒன்று என்று போட்டேன். கம்பம் அசையவில்லை. விளக்கு தேறியது. அறிக்கையிலுள்ள அளவுகள் எல்லாம் உண்மை, சேர். ஒரு மீற்றரில் அவ்வளவுதான் வரும். 'ஒன்று முதல் நாலு மீற்றர் வரை' என்ற வரி படிவத்தில் முன்கூட்டியே அச்சாகியிருப்பது. அதை எழுதியது நானல்ல.

விளக்கு மாட்டி ஒன்பதாம் நாள் பகல், சித்தி றலியா திரையை இழுத்துவிட்டு, கண் கூசாமல் வெளிச்சத்தைக் குறைத்துப் படுத்திருந்தார். தாதி தேநீர் கொண்டுபோனபோது அவருடைய பெருவிரல் மணியை அழுத்தியபடியே இருந்ததாம். எத்தனை தரம் அழுத்தினாரோ, அதற்குப் பதிவில்லை.

ஜனாஸா வீட்டுக்கு நானும் போனேன். பவாஸ் நானா வாசலில் கதிரையில் இருந்து அழுதார். பக்கத்தில் போய் ஆறுதல் சொன்னேன்: "ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பாங்களே, நானா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எதிர்பார்த்திருந்த முகம் அதுதான். பிறகு அவர்தான் முறைப்பாட்டோடு உங்களிடம் வந்தார், கம்பம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கணினி வைத்திருந்த பதிவை நீங்கள் பார்த்தீர்கள். நான் மறைக்கவில்லை. கணக்கு எனக்கும் அவருக்கும் மட்டும்தான். சம்பந்தமில்லாத யாருக்கும் தீங்கு நினைக்கிற ஆள் நானில்லை, சேர். மற்ற முப்பத்தொன்பது விளக்குகளா? அவை இப்போதும் கட்டில்களின் பக்கத்தில்தான் எரிகின்றன.