கழுத்துக் கறுப்பு

— சத்தத்தைக் குறைங்க. பெரியவ பாத்ரூம்லதான் இருக்கா. காதுல விழும்.

— தண்ணியத் திறந்து விட்டிருக்கா, ஒண்ணும் விழாது. நீ சொல்லு. டாக்டரம்மா அப்படி என்னதான் சொன்னாங்க?

— ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். பிரஷர் கொஞ்சம் கூட. சர்க்கரை கொஞ்சம் கூட. ரத்தத்துல கொழுப்பு கூட. இடுப்பும் வயசுக்கு மீறிப் பெருத்திருக்கு.

— எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தானே? அதுக்குப் போய் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டா எப்படி? பேக்கரில அடுப்புச் சூடு கொஞ்சம் கூடினா நான் கடையை மூடிட்டா வர்றேன்?

— விளையாடாதீங்க மாஸ்டரே. நானும் இதத்தான் கேட்டேன். தனித்தனியா வந்திருந்தா இவ்வளவு பயப்பட வேணாம்னு அவங்களே சொன்னாங்க. நாலும் சேர்ந்து ஒரே பிள்ளைகிட்ட வந்து உட்கார்ந்திருக்கு. ஒண்ணு வந்த இடத்துக்கு இன்னொண்ணையும் கூட்டிக்கிட்டு வருமாம். இப்படியே விட்டா நெஞ்சுல போய் நிக்குமாம்.

— நெஞ்சுலயா? பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கா?

— இன்னைக்கு இல்லங்க. உங்க அண்ணன் வயசு வர்றப்போ.

— இந்தா பாரு, அவன் பேச்சை எடுக்காத.

— எடுக்காம? நாப்பதுகூட ஆகல. மாவு பிசைஞ்சுக்கிட்டே சாஞ்சவரு.

— எடுக்காதன்னு சொல்றேன்ல!

— சரி, எடுக்கல. அழாதீங்க.

— யாரு அழறா? மாவுத் தூசி.

— நான்தாங்க அழணும். அவ கழுத்துக் கறுப்பு இருக்கே... ஊர்ப் பொண்ணுங்களையெல்லாம் பார்லர்ல பளிச்சுன்னு ஆக்கி அனுப்புறவ நான். பெத்த பொண்ணு கழுத்து இப்படி இருக்கேன்னு மானப் பிரச்சினையா எடுத்துக்கிட்டேன். ஸ்க்ரப்பு, ப்ளீச்சுன்னு ஒண்ணு விடல. ஒழுங்காக் குளிக்கத் தெரியாதாடின்னு தலையில குட்டினேன்.

— அழுக்கு போகலேன்னா எந்த அம்மாவும் குட்டத்தான் செய்வா.

— அது அழுக்கே இல்லியாம். உள்ள இன்சுலின் தடுமாறினா, கழுத்துல தோல் தடிச்சுக் கறுக்குமாம். உடம்பு வாய் விட்டுச் சொல்லியிருக்கு. நான் அந்த வாயத் தேய்ச்சுத் தேய்ச்சு மூடியிருக்கேன்.

— நான் மட்டும் என்ன ஒழுங்கு? விக்காத கேக்கையெல்லாம் டப்பால போட்டுக் கொண்டாந்தது யாரு? கதவைத் திறந்ததும், அப்பா இன்னைக்கு என்னன்னு ஓடி வருவா. அந்த ஓட்டத்தப் பாக்கத்தான் கொண்டாந்தேன்.

— கேக்கு மட்டும் இல்லங்க, வம்சத்துலயும் இருக்கலாம்னாங்க. இங்க திரும்புங்க. காலரை இறக்குங்க.

— ஏய், விடு. அடுப்புல நிக்கிறவன் கழுத்து வேற எந்தக் கலர்ல இருக்கும்?

— நானும் கரின்னுதான் நெனச்சிருந்தேன். உங்க அண்ணன் கழுத்தும் இதே கறுப்புதாங்க.

— பயமுறுத்தாதடி.

— நானே பயந்து போய்க் கிடக்கேன், உங்கள எங்க பயமுறுத்த? நாளைக்குக் குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க. நீங்க, நான், சின்னவ சிட்டு, எல்லாரும் ரத்தம் குடுக்கணும்.

— நான் வர்றேன். பெரியவளுக்காக என்ன வேணா செய்றேன். அந்த டப்பா இனிமே நம்ம வாசப்படி தாண்டாது. ஆனா சிட்டு வேணாம்.

— ஏன்?

— காத்தடிச்சாப் பறந்துடுவா, அவளுக்கு என்ன வந்துடப் போகுது? ஆறு வயசுப் பிள்ளைக்கு ஊசி குத்திட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார என்னால ஆகாது. வீட்டுல ஒருத்தியாவது நல்லா இருக்கான்னு நெனச்சுத்தான் நாளைக்கு நான் எழுந்து நடமாடணும். அதையும் பிடுங்காத.

— ஒல்லியா இருந்தா வராதுன்னு யாரு சொன்னா?

— நான் சொல்றேன். அவ உன் வாகு. அவ கழுத்துல என்ன கறுப்பா இருக்கு?

— நான் எங்கங்க பாத்தேன்? நான் பார்லருக்கு ஓடுற அவசரத்துல, அவளக் குளிப்பாட்டி விடுறதும் தலை பின்னுறதும் பெரியவதானே.

— அப்ப பாக்கவே வேணாம். பாத்தா ஏதாவது கண்ணுல படும்.

— இது நல்லா இருக்கா, சொல்லுங்க? கடைசியா டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இந்த வயசுலயே பிடிச்சுட்டா திருப்பிடலாமாம். சாப்பாட்டை மாத்தணும், ஓடியாடி விளையாட விடணும், நல்லாத் தூங்க விடணும். திருப்பிடலாங்க. கண்ண மூடிக்கிட்டா என்னத்தத் திருப்புறது?

— ...சிட்டு எங்க?

— ரூம்ல பொம்மையோட இருப்பா. ஏன்?

— ஒண்ணுமில்ல. பாக்கணும்போல இருக்கு.

— போய்ப் பாருங்க. இவ என்ன, இன்னும் தண்ணிய மூடல? அடியே பெரியவளே!

— வர்றேம்மா!

— என்னடி தேய்க்கிற சத்தம்? கழுத்தத் தேய்க்காதன்னு டாக்டரம்மா உன்கிட்டயும்தானே சொன்னாங்க? அது அழுக்கு இல்லடி. அம்மாதான் தெரியாம உன்னப் பாடாப் படுத்திட்டேன். கதவத் திற, கண்ணு.

— என்னடி இங்கயே நிக்கிற? ரூம்ல சிட்டு இல்லியே!

— இருங்க, இவ மொதல்ல வெளிய வரட்டும். திறடி.

— திட்ட மாட்டியே?

— மாட்டேன். உன் கழுத்துக்காக இனி யாரும் உன்னத் திட்ட மாட்டாங்க.

— நான் எனக்குத் தேய்க்கலம்மா. சிட்டுக்குத்தான். நாளைக்கு டாக்டர் பாக்கறதுக்குள்ள எடுத்துடலாம்னு பாத்தேன்... போகவே மாட்டேங்குதும்மா.