கண் மூடிய டிசம்பர்கள்

தங்கை: இது வேணாம்க்கா.

அக்கா: எது?

தங்கை: இந்த நாலாவது படம். வேற பாரு.

அக்கா: இதுக்கென்ன குறைச்சல்? அம்மா நேரா பார்க்கிறாங்க. உன் வீட்டுக்காரர் தொப்பையை உள்ள இழுத்திருக்கார். தம்பி சட்டைக் காலர்கூட ஒழுங்கா இருக்கு. இதுக்கு மேல ஒரு குடும்பப் படம் எப்படி வரும்?

தங்கை: நான் குண்டாத் தெரியறேன்.

அக்கா: நீ குண்டாத்தான் இருக்க.

தங்கை: இருந்தா? அதைக் காலண்டர்ல போட்டு மூணு வீட்டுச் சுவத்துலயும் மாட்டணுமா?

அக்கா: சரி, கிட்ட வா. பெருசு பண்றேன். இப்பத் தெரியுதா?

தங்கை: என்ன தெரியணும்?

அக்கா: உன் கண்ணுடி. ரெண்டும் திறந்திருக்கு! ஒன்பது வருஷமா டிசம்பர் தாள்ல தூங்கிட்டே நிக்கிறவ, இந்த வருஷம்தான் முழிச்சிருக்க. அதுக்காவது சந்தோஷப்படேன்.

தங்கை: அது இருக்கட்டும். மத்த ஆறையும் காட்டு.

அம்மா: ஏண்டி, உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? அச்சகத்துக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடுவாராம்!

அக்கா: பதினொரு மாசத்துக்கும் படம் அனுப்பியாச்சும்மா! டிசம்பருக்கு ஏழையும் அனுப்பிட்டேன், எந்த நம்பர்னு சொல்றதுதான் பாக்கி!

அம்மா: அதே படத்தைப் பெருசாவும் போடச் சொல்லு. என் கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டணும். அடுத்த மாசம் சின்னவ குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிடுவா. அப்புறம் நான் யாரைப் பார்ப்பேன்?

அக்கா: கேட்டியா? "யாரைப் பார்ப்பேன்." கூடவே இருக்கிற நான் என்ன, சுவரா?

தங்கை: அம்மா அப்படி நினைச்சுச் சொல்லலக்கா.

அக்கா: நினைச்சுச் சொன்னாக்கூடப் பரவாயில்ல. நினைக்காமலே வருது பாரு, அதான். சரி விடு. நாலாவதுதானே?

தங்கை: இரு இரு. மத்த மாசத்துக்கெல்லாம் என்ன போட்டிருக்கன்னு நான் இன்னும் பார்க்கவே இல்லையே.

அக்கா: பேச்சை மாத்தறியே... ஜனவரி, புது வருஷத்தன்னிக்குத் தம்பி பலூன் ஊதி ஊதி மூச்சு வாங்கினது. மார்ச், தம்பி பொண்ணு குட்டியோட பிறந்தநாள். மே மாசம் லீவுக்குக் கடற்கரை போனோமே, அது. ஜூன், பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு, புதுப் பையோட.

தங்கை: யாரு பை?

அக்கா: குட்டியோட பை.

தங்கை: ஆகஸ்ட்?

அக்கா: மழை வந்துச்சே, அம்மா மாடியில துணி எடுக்க ஓடினாங்களே. பின்னாலயே குட்டி குடையைப் பிடிச்சுக்கிட்டு...

தங்கை: அக்டோபரை நானே சொல்லிடறேன். குட்டி.

அக்கா: முன் பல்லு விழுந்த அன்னிக்கு எடுத்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தியா!

தங்கை: பார்த்தேன், பார்த்தேன். வருஷத்துல பாதி மாசம் தம்பி பொண்ணுக்கு. என் பையனுக்கு எத்தனை மாசம்?

அக்கா: கேமராவைத் தூக்கினாலே ஊசி போட வந்த மாதிரி ஓடுறான். பதிமூணு வயசுல என்னடி அவனுக்கு அவ்வளவு உம்மு? நான் கட்டிப் போட்டா எடுக்க முடியும்?

தங்கை: "குட்டி முகம்தான் நம்ம வீட்டு முகம்"னு அம்மா சொன்னாங்கல்ல... அப்போ அவனும் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். ஆறு வயசு.

அக்கா: அதையா இன்னும் மனசுல வச்சிருக்க?

தங்கை: வச்சிருக்கேன். நல்லா மடிச்சு வச்சிருக்கேன்.

அக்கா: அடிப்பாவி. அவ அப்போ ஒரு வயசுக் குழந்தைடி.

தங்கை: குழந்தைன்னா? குழந்தையைப் பார்த்து நான் ஒண்ணும் சொல்லல. சொன்னவங்களைத்தான் சொல்றேன்.

அக்கா: வீட்டு முகமாம். அந்த முகம் டிசம்பர் வந்தா மட்டும் ஏன்தான் கோணிக்குதோ. போன வருஷம் வாயைப் பிளந்துட்டு நிக்குது. அதுக்கு முந்தின வருஷம் அழுகை. தம்பி பொண்டாட்டி என்ன சொல்லிட்டுத் திரியறா தெரியுமா?

தங்கை: என்ன சொல்றா?

அக்கா: "பெரிய அண்ணிக்குன்னு ஒரு குடும்பம் இல்ல, அதான் என் பொண்ணு முகம் கெட்டுப்போன படமாப் பார்த்துப் பொறுக்கிப் போடறாங்க"ன்னு.

தங்கை: அப்படியா சொன்னா...?

அக்கா: சமையலறையில. என் காதுபட. தண்ணி குடிக்கப் போனவ, குடிக்காமலே திரும்பி வந்தேன்.

தங்கை: நீ ஒண்ணும் கேக்கலையா?

அக்கா: என்னத்தைக் கேக்க? படம் அப்படித்தானே இருக்கு. ஒவ்வொரு டிசம்பர்லயும் குட்டி உன் பையனையே முறைச்சுட்டு இருக்கா. ஏன்னுதான் எனக்குப் புரியல.

தங்கை: பொறாமையா இருக்கும்.

அக்கா: எட்டு வயசுப் பிள்ளைக்கா?

தங்கை: பொறாமைக்கு வயசா பார்க்கிறாங்க? அக்கா, ஆறாவதைக் காட்டேன்.

அக்கா: ஆறாவதுல நீ தூங்குற.

தங்கை: தூங்கினாத் தூங்கிட்டுப் போறேன். அதுலதான் வெளிச்சம் நல்லா இருக்கு.

அக்கா: வெளிச்சமா? "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு சொல்லிட்டு மடமடன்னு ஏழு எடுத்தேன். "விடலாம்"னு சொல்றதுக்குள்ள சூரியன் எங்கடி போச்சு?

தங்கை: முதல்ல அந்த வசனத்தை நிறுத்து. குடும்பப் படம் எடுக்கிறியா, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறியா? என் மாமனாருக்குப் போன வருஷம் முகமே நீலமாயிடுச்சு.

அக்கா: இருபது வருஷமா ஆஸ்பத்திரியில அதையே சொல்லிப் பழகின வாய். தானா வருது. அவரை யாரு நான் சொன்னதுக்கப்புறமும் பிடிச்சு வைக்கச் சொன்னா?

தங்கை: நீ "விடலாம்"னு சொன்னது அவருக்குக் காதுல விழலையாம்.

அக்கா: ஆமா, விழாது. "சாப்பிட வாங்க"ன்னா மட்டும் விழும்... ஏய், சிரிக்காத. இந்த ஆறாவதைப் பாரு, நீ ஏன் கொக்கு மாதிரி ஒத்தைக் கால்ல சாஞ்சு நிக்கிற?

தங்கை: முட்டி வலி.

அக்கா: மூணு வருஷமாச் சொல்றேன், ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் வா, முட்டியைப் படம் எடுத்துடலாம்னு. வந்தாத்தானே?

தங்கை: உன் கையால எடுத்த படமெல்லாம் போதும்டியம்மா எனக்கு. சும்மா சொன்னேன்க்கா. ஏன் முகம் மாறுது?

அக்கா: ஒண்ணும் இல்ல.

தங்கை: கேமராவை ஸ்டாண்டுல நிறுத்திட்டு நீயும் வந்து நிக்கலாம்ல? பத்து வருஷத்துல ஒரு டிசம்பர்லயாவது நீ இருக்கியா?

அக்கா: எங்க நிக்க?

தங்கை: எங்கயாவது. எங்க எல்லாரோடவும்.

அக்கா: ஜோடி ஜோடியா நிக்கிறீங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால அவங்கவங்க பிள்ளை உக்காந்திருக்கு. நடுவுல அம்மா. நான் எந்தப் பக்கம் நின்னாலும் யாரோ வழிதவறி உள்ள வந்துட்ட மாதிரிதான் இருக்கும். ஆஸ்பத்திரியிலயும் கண்ணாடிக்குப் பின்னால நின்னுதான் எடுக்கிறேன். அங்க நின்னா ஒரு சௌகரியம், யாரும் நம்மளைப் பார்க்க மாட்டாங்க. பார்க்காம இருந்தா நாம என்ன வேணா பண்ணலாம்.

தங்கை: என்னக்கா சொல்ற?

அக்கா: இந்த நாலாவதை நான் ஏன் பொறுக்கினேன் தெரியுமா? நீ ஊரை விட்டுப் போறேன்னு சொன்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த ஒரு வருஷமாவது ஒழுங்கா நடந்துக்கணும்னு. நீ என்னடான்னா வேணாம், வேணாம்னு...

தங்கை: ஒழுங்கான்னா?

அக்கா: ஒவ்வொரு வருஷமும் ஏழு எடுக்கிறேன். அதுல ஆறுல உன் கண்ணு நல்லாத் திறந்துதான் இருக்கும். ஒண்ணே ஒண்ணுல மூடியிருக்கும். நான் அந்த ஒண்ணைத் தேடித் தேடி எடுப்பேன். ஒன்பது வருஷமும்.

தங்கை: ...

அக்கா: ஏதாவது சொல்லுடி. திட்டு. எதையாவது தூக்கி எறி.

தங்கை: ஏன்க்கா?

அக்கா: ஏனா? வாசல்ல நீ செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாலே அம்மா குரல் மாறிடும். நான் தினமும் அதே வாசல்லதான் செருப்பைக் கழட்டுறேன். ஒரு நாளும் மாறினதில்ல. தம்பி, அவன் பொண்டாட்டி, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் உன்னைப் பார்த்தா ஒரு துள்ளு துள்ளுது. நானும் பார்த்துட்டே இருந்தேன். வருஷத்துல ஒரே ஒரு படத்துலயாவது நீ அழகா இல்லாம இருக்கணும். அது முப்பத்தொரு நாள் மூணு வீட்டுலயும் தொங்கணும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். ஆனா குட்டி முகத்தை நான் கெடுக்கல. சத்தியமாச் சொல்றேன். அந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்ல. உன் கண்ணு மூடியிருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன்.

தங்கை: தெரியும்க்கா.

அக்கா: எது தெரியும்?

தங்கை: எல்லாம்தான். மூணாவது டிசம்பரே தெரியும். உன் கம்ப்யூட்டர்ல பையன் படம் ஒண்ணைத் தேடினேன். டிசம்பர் படம் ஏழும் வரிசையா இருந்துச்சு.

அக்கா: பார்த்துட்டு...?

தங்கை: வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

அக்கா: என்னை வந்து கேட்டிருக்கலாமேடி.

தங்கை: கேக்கலாம்னுதான் மறுநாள் வந்தேன். அன்னிக்குத்தான் அம்மா குட்டியை மடியில வச்சுக்கிட்டு அதைச் சொல்லிட்டிருந்தாங்க. "நம்ம வீட்டு முகம்"னு. என் பையன் கையில இருந்த பொம்மைக் காரைக் கீழ வச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அக்கா: ம்...

தங்கை: அப்புறம் நான் உன்னைக் கேக்கல.

அக்கா: ஏன்?

அம்மா: அடியே, அவர் லைன்லயே இருக்கார்! எந்த நம்பர்னு சொல்லித் தொலைங்க!

அக்கா: நாலும்மா! நாலாவது!

தங்கை: இல்லம்மா, ஆறு! ஆறாவது படம்!

அம்மா: என்னடி ஆளுக்கு ஒண்ணு? ஆறா?

தங்கை: ஆறுதாம்மா! கடைசியாச் சொல்றேன், ஆறு!

அம்மா: ஆறுங்க... ஆமாங்க. அதையே பெருசாவும் போட்டுடுங்க.

அக்கா: பைத்தியமா உனக்கு? ஆயுசுக்கும் அம்மா கட்டிலுக்கு எதிர்ல தூங்கிட்டு நிக்கப் போற! வாய் திறந்து சொன்னதுக்கு எனக்குத் தண்டனையா இது? நான் தினமும் அதைப் பார்க்கணும்னா?

தங்கை: தண்டனை எல்லாம் இல்ல. அந்த ஆறைக் கொஞ்சம் பெருசு பண்ணு. என் முகத்தைப் பார்க்காத. கீழ வா... இன்னும் கீழ. தரையில உக்காந்திருக்கானே, அவனைப் பாரு.

அக்கா: உன் பையன்... அட! பல்லு அத்தனையும் தெரியச் சிரிக்கிறான்! மத்த ஆறுலயும் உம்முன்னு இருக்கானே... பக்கத்துல குட்டி தன் தோளைப் பிடிச்சுக்கிட்டு அவனை முறைக்கிறா... இரு. போன வருஷமும் இப்படித்தான். அதுக்கு முந்தின வருஷமும்... ஏய். உன் இன்னொரு கால் எங்கடி?

தங்கை: முட்டியில ஒண்ணும் இல்லக்கா. கால் கட்டை விரலால அவன் விலாவுல ஒரு குத்து... துள்ளிச் சிரிச்சுடுவான், முழங்கை போய்க் குட்டி மேல இடிக்கும். அந்த நொடி பார்த்து நான் கண்ணை மூடிக்குவேன்... அப்புறம் மத்த ஆறையும் நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?