பீரோவின் முதுகு

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேசையின் ஒரு கால் குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் மேசை தலையாட்டுகிறது. எதையாவது மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். நான் சொல்ல வந்தது இதுவல்ல, ஆனால் கண்ணில் பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் சுபாவம் அப்படி. பழுதாகிக் கிடக்கிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

நீங்கள் பிடித்துவந்து பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிற எங்கள் தெரு பட்டிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என் மாமியாரின் பீரோ முதுகை வெட்டியது அவர் இல்லை. ஒரு நிரபராதி என் பொருட்டுக் கஷ்டப்படுவதை என் மனசாட்சி ஏற்கவில்லை. அதற்காகத்தான் வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கல்குவாரியில் பாரம் ஏற்றியவன். மீசை முளைப்பதற்கு முன்பே போனேன், மீசை நரைத்த பிறகு குவாரியை மூடினார்கள். கல் ஏற்றுகிறவன் லாரியின் பின்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான். காலையில் பின்பக்கம், சாயங்காலம் பின்பக்கம். முன்பக்கம் டிரைவருக்கும் முதலாளிக்கும். எங்களிடம் மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்று ஓடியது. ஒருநாள் ரிவர்ஸில் வந்து என் கால் சுண்டுவிரல்மேல் ஏறி நின்றது. அப்போதும் நான் பார்த்தது அதன் பின்பக்கத்தைத்தான். ஆகவே பாசம் கீசம் என்று எதையும் எழுத வேண்டாம்.

குவாரியை மூடியதும் லாரியைப் பழைய இரும்புக்கடையில் தள்ளினார்கள். அங்கேதான் முதல்முறையாக அதை எதிரே நின்று பார்த்தேன். ஒரு விளக்கு தொங்கி, மூக்கில் ஓட்டை விழுந்து, கன்னம் இரண்டும் துருப்பிடித்து நின்றது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. யோசித்த பிறகு பிடிபட்டது. சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிற முகம்.

முன்பக்கத்தை மட்டும் அறுத்துத் தரச்சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் தெருவைப் பார்த்தபடி, சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். தெருவில் போகிறவர்களுக்கு லாரி எங்கள் வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி தெரிந்திருக்கிறது. தபால்காரர் மட்டும் நின்று, "உள்ள யாருக்கும் அடி படலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் முன் அறை ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தை லாரி மறைத்தது. "தன் மூஞ்சியக் கழுவ நேரமில்ல, லாரிக்கு மூஞ்சி கழுவ வந்துட்டாரு" என்றாள்.

எங்களோடு இருக்கிற மாமியார்தான் எனக்காகப் பேசினார். "விடுடி. மனுசன் எங்கயாவது குடிச்சுட்டு விழுந்து கிடக்கிறதுக்கு இதோட மல்லுக்கட்டட்டும்."

நான் குடிப்பதில்லை. இருந்தாலும் அவர் பரிந்து பேசியதை மறக்கவில்லை.

கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்ட ஆரம்பித்தேன். சுரண்டச் சுரண்ட லாரி குறைந்துகொண்டே வந்தது. மட்கார்டு இருந்த இடத்தில் மட்கார்டின் நினைவுதான் மிச்சம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பட்டிக்காரர் வந்தார். தெருக்கோடியில் வண்டிகளுக்கு டிங்கரிங் பார்க்கிறவர். ஓட்டை, நெளிசல் எதுவானாலும் பட்டியை மாவு மாதிரி குழைத்து அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார். அடுத்த மழைவரை தாங்கும். அதனால் வந்த பெயர். தன் வாழ்நாளில் அவர் ஒரு தகட்டை ஒழுங்காக வெட்டி நான் பார்த்ததில்லை. இதைக் கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மட்கார்டில் விரலை வைத்தார், விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"அண்ணே, இது இரும்பு இல்ல, பொடி. ஒரு டப்பா பட்டி வாங்கிக் குடுங்க, கண்ணாடி மாதிரி ஆக்கிடுறேன்."

"இரும்புக்கு இரும்புதான் வைக்கணும்" என்றேன்.

"வைங்க. எந்த இரும்ப வைப்பீங்க? இப்ப வர்ற தகடு ஊதுனா பறக்குது. இதுக்கு அந்தக் காலத்துத் தகடு வேணும். எங்க போவீங்க?"

உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். "அந்தக் காலத்துத் தகடுன்னா என் பீரோதான் தம்பி. உள்ள வந்து தட்டிப் பாரு."

பட்டிக்காரர் போய்த் தட்டினார். ணங் என்றது.

"ஆனை மிதிச்சாலும் நெளியாது" என்றார் மாமியார். சாவி எப்போதும் போல் அவர் இடுப்பில் தொங்கியது. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இன்ன தகடு வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று இன்னொருவர் காட்டினார். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உறவில் ஒரு கல்யாணம் வந்தது. எனக்கு முழங்கால் வலி, வரமுடியாது என்று சொன்னேன். அது பொய் இல்லை. வலி வந்தது, பீரோவைத் தனியாக நகர்த்திய பிறகு.

பீரோவின் முன்பக்கத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடி, கண்ணாடி, பூட்டு எல்லாம் அங்கேதான். ஆனால் முதுகு எதற்கு? சுவரைப் பார்க்கவா? ஒரு பொருளின் பின்பக்கத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். என்னைத் தவிர வேறு யாரும் பார்த்து நான் கண்டதில்லை. மூலைகளில் துளை போட்டு, கோடு கிழித்து, தகடு வெட்டும் கத்தரியால் மெதுவாக வெட்டினேன். ஓரத்தை அரத்தால் தேய்த்தேன். உள்ளே மாமியாரின் சேலைகளும் நகைப்பெட்டியும் இருந்தன. நகைப்பெட்டி இடைஞ்சலாக இருந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் திருடன் இல்லை.

வெட்டிய இடத்தில் கனமான அட்டை வைத்து, பீரோவின் பச்சை நிறத்தையே அடித்தேன். அங்கங்கே இரண்டு துருப்புள்ளிகளும் வரைந்தேன். சுவரைப் பார்க்கிற பக்கம்தானே, எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

இடது மட்கார்டு அருமையாக வந்தது. ஆனால் ஒரு கன்னம் மட்டும் புதிதாக இருந்தால் பல்வலிக்காரன் மாதிரி தெரியும். மீதி முதுகும் வலது மட்கார்டுக்குப் போனது, அந்த இடத்துக்கும் அட்டை வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சில்லறை விஷயங்கள். ஹெட்லைட்டைச் சுற்றி ரப்பர் வேண்டும். குக்கர் வளையம் அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது. விளக்கு இரண்டு என்பதால் வளையமும் இரண்டு. எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் குக்கர் விசில் அடிக்கவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டது. பானெட்டின் உள்பக்கத்துக்குத் துணி துவைக்கும் மெஷினின் முதுகு போதுமானதாக இருந்தது. அதன்பிறகு மெஷின் சுற்றும்போது ஓரடி ஓரடியாகச் சமையலறைக்கு நடந்து வந்தது. தரை சரிவு என்று மனைவியிடம் சொன்னேன். தரையும் லேசாகச் சரிவுதான்.

லாரியின் மூக்குக்கு முன்னால் நிறுத்தக் கம்பிகள் வேண்டும், அப்படி ஏழெட்டு மாமியாரின் கட்டில் தலைமாட்டில் இருந்தன. ஓரத்துக் கம்பிகளை விட்டுவிட்டு நடுவில் இருந்தவற்றை எடுத்துக்கொண்டு, சேலை ஒன்றை மேலே தொங்கவிட்டேன். மாமியாரின் தலையணை தினமும் பின்னால் விழுந்தது. "நீங்க தூக்கத்துல ரொம்பப் புரள்றீங்க அத்தை" என்றேன். நம்பினார். அதன்பிறகு கைகளை ஒடுக்கிக்கொண்டு, பலகை மாதிரி நேராகத் தூங்கப் பழகினார். பார்க்கப் பாவமாக இருந்தது. மனசு கேட்காமல் இன்னொரு தலையணை வாங்கிக் கொடுத்தேன். அதுவும் விழுந்தது.

அந்த நாட்களில் மனைவிக்கும் கோபம் மூக்கின் மேலேயே இருந்தது. துணி வெட்டுகிற கத்தரி மழுங்கிவிட்டது. "அம்மா, நீ இதுல நகம் வெட்டுனியா?"

"நான் அதத் தொட்டதே இல்லடி."

"பின்ன யாரு, லாரி வந்து வெட்டுச்சா?"

தாயும் மகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. இதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு நிலவரம் தெரியட்டும் என்று சொன்னேன்.

கம்பளிகளை மடித்து மாமியார் பீரோவின் தலையில் ஏற்றிய அன்று விஷயம் வெளியே வந்தது. முதுகு இல்லாமல் எதுவும் ரொம்ப நாள் நிமிர்ந்து நிற்காது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாருக்கோ வணக்கம் சொல்வது மாதிரி குனிந்து, மெதுவாக மடிந்து உட்கார்ந்தது. சேலைகள் பின்வழியாகக் கொட்டின. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது. மாமியாருக்கு அடி இல்லை. "சாவி என் இடுப்புலயேதான இருந்துச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். உங்களோடு வந்த போலீஸ்காரர் உள்ளே எண்ணிப் பார்த்துவிட்டு, "நகையெல்லாம் அப்படியே இருக்கு சார். பீரோ முதுக மட்டும் தூக்கிட்டுப் போன திருடன இப்பத்தான் பாக்குறேன்" என்றார். நீங்கள் வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினீர்கள். என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "வெட்டுனவன் கைகாரன்யா. ஒரு பிசிறு இல்ல."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரு வேலையையும் யாரும் விரலால் தடவிப் பார்த்ததில்லை.

வீட்டில் இந்த வேலை தெரிந்தவர் யார் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரு லாரியத் தட்டிட்டு இருப்பாரு சார். ஆனா இது இவரு கை இல்ல. ஒரு லைனிங் துணிய வெட்டச் சொன்னா, பாம்பு போன தடமாட்டம் வெட்டுவாரு."

மாமியாரும் விடவில்லை. "மாப்பிள்ளைக்கு அவ்வளவு நேர்த்தி கிடையாது சார். பாவம், வெள்ளந்தி. அந்தப் பட்டிக்காரன்தான் அன்னைக்கு வந்து தட்டிப் பாத்துட்டுப் போனான்."

அன்றே நான் உண்மையைச் சொல்லாதது தப்புதான் என்று நீங்கள் சொல்லலாம். பெண்கள் பேசும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

இன்று மாமியார் புகாரில் கையெழுத்துப் போட வந்தார். துணைக்கு நானும் மனைவியும் வந்தோம். பட்டிக்காரர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி இரண்டு போலீஸ்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

"நான் பண்ணலைன்னுதான் சார் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா நான் பண்ணியிருந்தா இப்படித்தான் வந்திருக்கும். தகட நடுவுல இருந்து வெட்ட ஆரம்பிக்கணும். அது எல்லாருக்கும் வராது, கை பேசணும்."

நடுவிலிருந்து. மூலையில் துளை போடாமல். ஆனாலும் போலீஸ்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் இன்னொரு டீ சொன்னார். என் மனைவி, நேர்கோட்டில் துணி வெட்டியே பிழைக்கிறவள், அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னாள். "திருடனா இருந்தாலும் கைன்னா அது கை. நீங்களும் இருக்கீங்களே."

ஒரு நிரபராதி இப்படிக் கஷ்டப்படுவதை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

வெட்டியது நான். சாட்சி வேண்டுமானால் இடது மட்கார்டின் உள்பக்கம் குனிந்து பாருங்கள், பீரோவின் பச்சை அப்படியே இருக்கிறது. கட்டில் கம்பி, குக்கர் வளையம், மெஷின் முதுகு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 'ஒரு பிசிறு இல்லை' என்று நீங்கள் சொன்னதை மட்டும் விட்டுவிடாமல், என் பெயருக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதி முடித்ததும், வெளியே பெஞ்சில் இருக்கிற என் மனைவியைக் கூப்பிட்டு, அவள் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள். என் கையெழுத்து அதற்கப்புறம்.

மேசை இன்னும் ஆடுகிறது, கையெழுத்துக் கோணிவிடும். பொறுங்கள், சட்டைப்பையில் அந்த அட்டையில் மிஞ்சிய ஒரு துண்டு இருக்கிறது. இதோ, காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது ஆட்டிப் பாருங்கள்.

எதற்கு அதை மறுபடி வெளியே எடுக்கிறீர்கள்? ஆமாம், அதே பச்சைதான். அதே துருப்புள்ளிதான். ஓரம் நேராகத்தான் இருக்கிறது. இதை எதனால் வெட்டினேன் என்று கேட்கிறீர்கள்.

தகடு வெட்டும் கத்தரியில் அட்டை நசுங்கும். அதற்குத் துணி வெட்டுகிற கத்தரி மாதிரி ஒன்றுதான் சரிப்படும். வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது.

சத்தமாகப் பேசாதீர்கள், பெஞ்ச் பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் பீரோவை மன்னித்துவிடுவாள், கட்டிலை மன்னித்துவிடுவாள், கத்தரியை மன்னிக்கமாட்டாள். ஆகவே மற்றதையெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். இந்த அட்டையை மட்டும் பட்டிக்காரர் வெட்டியதாக இருக்கட்டும்.