பாராட்ட அழைத்தோம், உறங்க விடவில்லை

அவைத்தலைவர் வேங்கடேசன் ஐயா அவர்களே, இந்த விழாவுக்காக அலைந்து திரிந்த குடியிருப்போர் சங்கத்துப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் திண்டிவனத்துத் தாய்மார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தோழர்களே, இதோ என் பக்கத்து நாற்காலியில் உறங்கிப்போயிருக்கும் இன்றைய விழா நாயகி, செவிலியர் மலர்விழி அக்கா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். "இன்னாமா இது, மேடையிலயே தூங்கினு கீது" என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்பதும் காதில் விழுகிறது. சொல்கிறேன் அம்மா.

நேற்று இரவு முழுக்க விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனை வார்டில் நின்றவர் இவர். காலையில் பணி முடிந்ததும் அனந்தபுரத்து வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் பேருந்து ஏறி இங்கே வந்தார். ஏன்? நாம் அழைத்தோம். எதற்கு அழைத்தோம்? இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியரைப் பாராட்ட அழைத்தோம். எப்போது அழைத்தோம்? அவர் உறங்கவேண்டிய பகலில் அழைத்தோம்.

தலைவர் ஐயா தலையைச் சொறிகிறார். ஐயா, குற்றம் உங்களுடையது மட்டுமா? இந்தப் பகுதி முழுக்க நடப்பதுதானே இது?

சற்றுமுன் தேநீர் குடிக்கும்போது கேட்டேன், "பகல்ல நல்லா தூங்குவீங்களாக்கா?" என்று. அக்கா சொன்னார்: "எங்கம்மா தூங்கறது? கண்ண மூடினா சிலிண்டர் வரும். எதிர்வூட்டு அஞ்சம்மாள் பெரிம்மா வந்து எழுப்பி, 'பட்டப்பகல்ல படுத்துக்கினு கீறியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையாடி'ன்னு கேக்கும். நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்பறதுக்குள்ள தூக்கம் போய்டும்."

இப்போதும் சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை.

அவரோடு பணிசெய்யும் ஒரு செவிலியர். பெயர் வேண்டாம். வீட்டில் காதணி விழா. பகலெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுப் பணிக்குப் போனவர். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு கட்டிலருகே நின்றார். நோயாளியின் பெயரைக் கேட்டார். பதில் காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை. கூடப் பணியில் இருந்த செவிலியர் கையைப் பிடித்தார்: "ஏய், இது பக்கத்து பெட்டுக்குடி." அந்தக் கை நீளாமல் போயிருந்தால்? அந்தக் கட்டிலில் உங்கள் அப்பா படுத்திருந்தால்?

அன்பை அள்ளித் தரும் கைகள்தாம் அவை. அறிவும் உண்டு, அக்கறையும் உண்டு. ஆனால் களைப்புக்குக் கருணை தெரியாது. நீண்ட பணிநேரத்தைக் குறைக்கச் சொல்லி நிர்வாகங்களிடம் கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் அவர்களுடைய பகலைப் பறிப்பது யார்? பந்திக்குக் கூப்பிடும் நாம். கதவைத் தட்டும் நாம். பொன்னாடையோடு காத்திருக்கும் நாம்.

மலர்விழி அக்காவுக்கு இன்று இரவும் பணி இருக்கிறது. சிறப்பு விருந்தினர் இன்னும் செஞ்சியைத் தாண்டவில்லையாம். அவர் வந்து கேடயம் கொடுத்து, படம் எடுத்து முடிவதற்குள் பகல் போய்விடும். அப்புறம் வார்டில் படுத்திருப்பவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே ஐயா, ஒரு வேண்டுகோள். கேடயம் காத்திருக்கட்டும். அக்காவை இப்போதே வீட்டுக்கு அனுப்புங்கள்.

"விருந்தினர் கோவிச்சுக்குவாரே" என்கிறார் செயலாளர். கோபித்துக்கொள்ளட்டும் ஐயா. அவருக்கும் ஒருநாள் காய்ச்சல் வரும், அப்போது புரிந்துகொள்வார்.

தலைவர் எழுந்துவிட்டார். கார் சாவியைச் செல்வகுமார் அண்ணனிடம் கொடுக்கிறார். நன்றி ஐயா, மனமார்ந்த நன்றி. அண்ணே, வழியில் ஹாரன் வேண்டாம். அக்காவோட அம்மா கோவிந்தம்மாளுக்கு யாராவது போன் பண்ணி, பாயை விரித்துவைத்து, வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, இவரைக் கைத்தாங்கலாக இறக்கும்வரை தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். ஒரு செவிலியருக்கு இந்த ஊர் தரும் முதல் மரியாதை இந்த அமைதியாக இருக்கட்டும். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மைக் வேண்டாம், அணைத்துவிடுங்கள். வணக்கத்தைக் கைகூப்பியே சொல்லிவிடுகிறேன்.