வியாகுலம்மாளின் வாயடைத்த நானோ நார்

தலைமை தாங்கும் மீன் வணிகர் சங்கத் தலைவர் முகம்மது மீரான் அவர்களே! ஆசி வழங்கிவிட்டு, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரம் பார்க்கும் பங்குத்தந்தை அவர்களே! பெரியோர்களே! இறால் உரித்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! குளச்சலின் குலக்கொழுந்துகளே! துறைமுகத் தொழிலாளி செல்வதாஸின் வணக்கம்!

நார் என்றால் நமக்கு என்ன தெரியும்? கயிறு திரிக்கத் தென்னை நார் தெரியும். பூக்கட்ட வாழை நார் தெரியும். குருதியைக் கட்டும் நார் தெரியுமா? தலைமுடியை நூறாக வகிர்ந்தாலும் அதனினும் மெல்லிய நார்! நாம் குப்பையில் கொட்டும் இறால் தோட்டில் சத்தெடுத்து, மின்சாரத்தால் இழையிழுத்து, தாள்போல் படியவைத்த நானோ நார்! காயத்தில் வைத்தால் ரத்தத்தைப் பிடித்து உறையவைக்கும். செய்து வந்தவர் யார்? அமெரிக்கரா? ஜப்பானியரா? இல்லை, நம் கோட்டாற்றுப் பெண் இர்ஷாதா! கைதட்டுங்களய்யா, தேய்ந்தா போகும்?

ஆனால் பாருங்கள், இர்ஷாதா ஆறாண்டு சென்னையில் படித்தவர். அங்கே போனால் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிடும்! இறால் தோடு கேட்டுக் கொட்டகைக்கு வந்தவர், அங்கே இறால் உரிக்கும் என் அக்காள் வியாகுலம்மாளிடம் பணிவாகச் சொன்னார்: "அம்மா, உங்ககிட்டேருந்து வர்றதுதான் நானோ நாறு!"

வந்ததே கோபம்!

"ஏட்டி, நானோ நாறுதேன்? விடிய முன்னே குளிச்சிட்டு வந்தவளப் பாத்து இப்பிடியா சொல்லிய?"

சிரிக்காதீர்கள், கதை இனிமேல்தான். அக்காளுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அன்றாடம் மாத்திரை. அந்த வாயில் ஒரு கடைவாய்ப்பல் சீழ்பிடித்தது. பிடுங்கினால் ரத்தம் நிற்குமா? மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சு தாங்குமா? பல்லை விட்டுவைத்தால் உயிர் மிஞ்சுமா? கஞ்சிகூட இறங்காமல் அக்காள் அழுதாள். நானும் அழுதேன், மறைப்பதற்கென்ன.

முறைப்படி அனுமதி பெற்று மருத்துவமனையில் இந்த நாரைச் சோதித்துவந்தார்கள். சம்மதக் கையெழுத்து வேண்டும். "அந்தக் குட்டிக்க நாரா? செத்தாலும் வேண்டாம்!" என்றாள் அக்காள்.

இர்ஷாதா நேரில் வந்தார். "அம்மா, அது சின்ன ர."

"அப்பம் நேரே சொல்லுட்டி!"

ஒருமுறையா, இருமுறையா? நாக்கு வழிக்கு வரும்வரை "நார், நார்" என்று சொல்லவைத்து, அதன்பிறகே கையெழுத்திட்டாள்!

பல் போனது. குழியில் நார் அமர்ந்தது. பத்து நிமிடம் கடித்தபடி இருக்கச் சொன்னார்கள். அக்காள் பத்து நிமிடம் பேசாமலிருந்ததை நான் பிறந்தபின் அன்றுதான் பார்த்தேன்! வெளியே நான் மாதாவைக் கூப்பிட்டேன். இர்ஷாதா உதடசையாமல் துஆ செய்தார். மருத்துவர் அக்காளை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நின்றிருந்தது! ரத்தம் நின்றிருந்தது, அன்பர்களே!

இன்னும் நாற்பது பேரிடம் சோதித்தால்தான் ஊர் உலகத்துக்கு இது போய்ச்சேரும். மாத்திரை தின்று, பல்வலியை மென்று, பயத்தில் பதுங்கியிருக்கும் கோழைகளே, வாருங்கள் என்று அழைக்கத்தான் இந்தக் கூட்டம். அந்தக் கோழைகளில் ஒருவன் இதோ ஒலிபெருக்கி முன் நிற்கிறான். ஆம், எனக்கும் நெஞ்சில் ஸ்டென்ட். எனக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இடப்பக்கக் கன்னம் வீங்கியிருப்பது வெற்றிலையால் அல்ல.

அக்காள் முன்வரிசையில் எழுந்துவிட்டாள். என்னக்கா?

"ஏலே, பேசினது மதி, நிறுத்து. வந்து கையெழுத்துப் போடு மக்கா!"

கேட்டீர்களா? பொறுமையோடு இருந்த உங்களுக்கெல்லாம் நன்றி, வணக்கம். வழிவிடுங்கள், பேனாவைத் தாருங்கள். வாறேன் அக்கா!